பிரிம் காசும் பயித்தங்காய்ப் பந்தலும்: விவசாயக் குடும்பம் எஸ்.டி.ஆர் உதவிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் இருக்கும் என் அத்தை இன்றைக்கும் "பிரிம் காசு ஏறிருச்சாடா?" என்றுதான் கேட்பார். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித் தொகை அது. 2012-இல் குடும்பத்துக்கு 500 வெள்ளி, அதாவது ரிங்கிட், என்று தொடங்கியபோது வைத்த பெயர் பிரிம். பிறகு பி.எஸ்.எச், பி.பி.ஆர், பி.கே.எம் என்று பெயர் மாறி மாறி, 2023-இலிருந்து எஸ்.டி.ஆர், அதாவது சும்பாங்கான் துனாய் ரஹ்மா ஆகியிருக்கிறது. அத்தைக்கு எல்லாமே பிரிம்தான்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்த விண்ணப்பம் பத்து நிமிட வேலை. காய்கறி போடுகிறவர், ஆடு வளர்க்கிறவர், பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுகிறவர் ஆகியோருக்குத்தான் சிக்கல். சம்பளச் சீட்டு இல்லை, வருமானம் ஒரு மாதம் போல் மறு மாதம் இல்லை. அத்தை மாமாவுக்கு நான் செய்து கொடுத்ததை, தடுக்கி விழுந்த இடங்களோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதுவரை விண்ணப்பிக்காதவர்களுக்கானது இது. ஏற்கெனவே வாங்குகிறவர்கள் நேராகப் படி 5-க்குப் போகலாம்.

படி 1: எது பணம், எது அட்டை?

எஸ்.டி.ஆர் என்பது வங்கிக் கணக்கில் விழும் ரொக்கம். சாரா என்பது மைகார்ட் எனப்படும் அடையாள அட்டையில் ஏறும் தொகை; பதிவு செய்த கடைகளில் அரிசி, முட்டை, எண்ணெய், சோப்பு மாதிரியான பொருள் வாங்கத்தான் செல்லும். சாராவுக்குத் தனி விண்ணப்பம் கிடையாது. எஸ்.டி.ஆர் பட்டியலில் இருந்தால், தகுதியைப் பார்த்து அவர்களே ஏற்றுவார்கள்.

2025-ஆம் ஆண்டுக் கணக்கு இப்படி இருந்தது. குடும்ப வருமானம் மாதம் 2,500 வெள்ளிக்குள் இருந்தால், பிள்ளை இல்லாதவர்களுக்கு ஆண்டுக்கு 1,000, ஒன்றிரண்டு பிள்ளை என்றால் 1,500, மூன்று நான்கு என்றால் 2,000, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 2,500. வருமானம் 2,501-லிருந்து 5,000 வரை என்றால் இதில் சரிபாதி. இந்தப் பாதி விஷயத்தை மனதில் வையுங்கள், படி 3-இல் வேலை இருக்கிறது.

படி 2: தாள்களைச் சேருங்கள்

கணவன் மனைவி இருவரின் ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகம், திருமணச் சான்றிதழ். கடைசியில் சொன்னதில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கோயிலில் தாலி கட்டி ஊருக்கே சாப்பாடு போட்டிருப்பார்கள், பதிவு மட்டும் செய்திருக்க மாட்டார்கள். 1982 மார்ச் 1-ஆம் தேதி திருமணச் சட்டம் நடப்புக்கு வந்ததிலிருந்து, முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு இல்லை என்றால் முதலில் ஜே.பி.என் எனப்படும் தேசியப் பதிவு அலுவலகத்துக்குப் போய் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அத்தையின் கணக்கில் பல வருடமாக யாரும் கை வைக்கவில்லை. அது முடங்கிக் கிடந்ததே எங்களுக்குத் தெரியாது. முதல் தவணை போன வழியே திரும்பிவிட்டது. வங்கியில் கேட்டால், "கடிதம் அனுப்பினோமே" என்றார்கள். எந்த முகவரிக்கு? முப்பது வருடத்துக்கு முன்பு குடியிருந்த தோட்டத்து லயத்துக்கு. இப்போது அங்கே லயமும் இல்லை, தோட்டமும் இல்லை. விண்ணப்பிப்பதற்கு முன்பே பத்து வெள்ளி போட்டு, பத்து வெள்ளி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

படி 3: வருமானத்தை எழுதுவது

நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இதைத்தான். படிவத்தில் பெண்டாபாத்தான் என்ற கட்டம் வரும். கேட்பது கணவன் மனைவி இருவரின் மாத வருமானம். வேலைக்குப் போகும் பிள்ளையின் சம்பளம் இதில் சேராது. பத்து காவானில் ஃபேக்டரிக்குப் போகும் மூத்தவனை அத்தையும் கணக்கில் சேர்க்கப் பார்த்தார், நான் நிறுத்தினேன். அவனுக்கு 22 வயது. வருமானம் 2,500-க்குள் இருந்தால், 21 வயது தாண்டிய அவன் தனியாளாகத் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம்.

மாமாவிடம் "மாசம் எவ்வளவு மாமா வருது?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் "நாலாயிரத்து நூறு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் தெரிந்தது, அது தீபாவளிக்கு ஆடு விற்ற மாதம். மனிதருக்கு நல்ல மாதம்தான் நினைவில் நிற்கும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 4,100-ஐக் கட்டத்தில் எழுதியிருந்தால் 1,500 வெள்ளி 750 ஆகியிருக்கும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் அந்த மாதம் கைக்கு வந்த பணம். ஞாபகம் இல்லை என்பார்கள், விடாதீர்கள். அத்தை வீட்டில் தவுக்கே, அதாவது காயை வாங்கும் வியாபாரி, கொடுத்த சீட்டுகள் பிஸ்கட் டின்னில் இருந்தன. இளஞ்சிவப்புத் தாளில் கார்பன் எழுத்து, பாதி மங்கிப் போனது, சிலவற்றில் மண் கறை. தேதி வாரியாகத் தரையில் பரப்பினோம். இரண்டு மாதங்களுக்குச் சீட்டே இல்லை. அது மழையில் பந்தல் சாய்ந்த சமயம், விற்க ஒன்றும் இல்லை. அந்த மாதங்களுக்குப் பூஜ்யம் என்றே எழுத வேண்டும், விட்டுவிடக் கூடாது. எல்லாம் கூட்டினால் 27,600. பன்னிரண்டால் வகுத்தால் 2,300.

பக்கத்திலேயே இன்னொரு வரிசையில் செலவை எழுதிக்கொள்ளுங்கள்: விதை, உரம், மருந்து, பெட்ரோல். இரண்டையும் கலக்காதீர்கள். கவுன்டரில் எதைக் கேட்டாலும் காட்டலாம்.

குறைத்தும் எழுத வேண்டாம். விண்ணப்பத்தைப் பார்ப்பதே ஹாசில் எனப்படும் உள்நாட்டு வருமான வரி வாரியம்தான். அவர்களிடம் போய் ஏன் வம்பு?

படி 4: விண்ணப்பம்

ஹாசிலின் பந்துவான் துனாய் தளத்தில் செய்யலாம். முகவரி 'கவ் டாட் மை' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஐசி எண்ணைத் தட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள். வங்கி கைப்பேசிக்கு அனுப்பும் டிஏசி எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், "நான் அரசாங்க ஆபீஸர்" என்றாலும்தான்.

கணினி ஒத்துவராது என்றால் ஹாசில் கிளைக்கோ, பினாங்குத் தீவில் கொம்தார் கட்டடத்தில் உள்ள யு.டி.சி என்ற அரசாங்கச் சேவை மையத்துக்கோ நேரில் போகலாம். பெயர், துணைவர், பிள்ளைகள், வாரிசு, வங்கி என்று வரிசையாகக் கேட்பார்கள். கைப்பேசி எண்ணை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். மூத்தவன் எண்ணைப் போட்டுவிட்டு அவன் சிம் மாற்றிவிட்டால், தகவல் எங்கோ போய்விடும்.

முடிவு லுலுஸ் என்று வந்தால் சரி. காகால் என்று வந்தால் காரணத்தைப் படித்துவிட்டு ராயுவான், அதாவது மேல்முறையீடு செய்யுங்கள். அந்த நோட்டும் சீட்டுகளும் அப்போது கைகொடுக்கும்.

படி 5: ஆண்டுதோறும் செய்ய வேண்டியது

ஒருமுறை ஏற்றுக்கொண்டால் திரும்ப விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை பிறந்தாலோ, கணக்கு எண் மாறினாலோ, துணைவர் இறந்தாலோ கெமாஸ் கினி என்ற பகுதியில் திருத்த வேண்டும். வீட்டு நிலைமை ரொம்ப மோசம் என்றால் மாவட்ட அலுவலகத்தில் இ-காசே எனப்படும் ஏழைக் குடும்பங்களின் பட்டியலில் பதிவதையும் கேளுங்கள். 2025-இல் அந்தப் பட்டியலில் இருந்த குடும்பங்களுக்குச் சாரா தொகை கூடுதல். பால் மரம் வெட்டுகிறவர்களுக்கு மழைக்கால உதவி தனி; அதற்குப் பாட்-ஜி எனப்படும் ரப்பர் விற்பனைப் பெர்மிட் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும்.

படி 6: பணத்தை வயலோடு பொருத்துங்கள்

"கையில் காசு கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவான்" என்று நம் ஆள்களே பேசுவார்கள். உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் 2014-இல் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ரொக்கம் கொடுத்ததால் குடியும் புகையும் கூடியதாகத் தெரியவில்லை. கென்யாவில் ஏழைக் கிராமத்து வீடுகளுக்கு நிபந்தனையே இல்லாமல் பணம் கொடுத்தபோது, பலர் செய்தது புல் கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டதுதான்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். விவசாயிக்குச் செலவு முன்னால் வரும், வரவு பின்னால் வரும். பயித்தங்காய் விதை போட்டால் முதல் பறிப்புக்கு ஒன்றரை மாதம் ஆகும். அந்த ஒன்றரை மாதத்தில்தான் தவுக்கே உள்ளே வருகிறார். விதையும் உரமும் கடனாகக் கொடுப்பார், வட்டி என்று ஒரு சென் கேட்க மாட்டார். காயை அவருக்கே போட வேண்டும், விலையை அவர் சொல்வார், அவ்வளவுதான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மாமாவுக்கு உடம்பு முடியாதபோது காரில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். ஆனாலும் கணக்கு கணக்குதான்.

போன வருடம் ஒரு தவணைப் பணத்தோடு கைக்காசு கொஞ்சம் சேர்த்து, விதை, உரம், சுண்ணாம்பு எல்லாம் 380 வெள்ளிக்கு மாமா சொந்தமாக வாங்கினார். கடன் இல்லாததால் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். காலை பசாரில் கிலோவுக்கு 30 சென் கூடக் கிடைத்தது. அந்தப் பந்தலில் மொத்தம் 1,500 கிலோ பறித்தார்கள். பெருக்கிப் பார்த்தால் 450 வெள்ளி. அதாவது போட்ட 380-ஐ விடக் கூட. அதே பணம் அறுவடை முடிந்த பிறகு வந்திருந்தால் இந்த 450 வந்திருக்காது. சாப்பாட்டோடு சாப்பாடாகக் கரைந்திருக்கும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: அதே நோட்டின் அடுத்த பக்கத்தில், எந்த மாதம் விதைப்பு, எந்த மாதம் உரம், எந்த மாதம் பள்ளிச் செலவு என்று எழுதுங்கள். ஆண்டுக்கு நான்கு தவணை. தொகையை நாலால் வகுத்துக் கணக்குப் போட வேண்டாம், அந்தந்தத் தவணைக்கு எவ்வளவு என்று தளத்திலேயே பாருங்கள். ஒவ்வொரு தவணைக்கு நேராகவும் ஒரே ஒரு பொருளை எழுதுங்கள். மூன்று எழுதினால் மூன்றும் நடக்காது. சமையல் சாமானுக்கு முடிந்தவரை சாராவை வைத்துக்கொண்டால் ரொக்கம் வயலுக்கு மிஞ்சும்.

அத்தை வீட்டு நோட்டில் வருடத்தின் கடைசித் தவணைக்கு நேராக மாமா பென்சிலில் "பந்தல் வலை" என்று எழுதியிருந்தார். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் வாளியில் தண்ணீர் சுமப்பது அத்தைதான். அவர் அதை அடித்துவிட்டுப் பேனாவால் "தண்ணிப் பம்ப்" என்று எழுதி வைத்திருக்கிறார்.