தென்னையடியில் வல்லாரை

தென்னையடியில் புல் செதுக்கியே சலித்துப்போனவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அங்கே வல்லாரையைப் படர விடுங்கள். பாபநாசம் பக்கம் குடமுருட்டிப் படுகையில் எங்கள் கொல்லை. தென்னைக்கும் வாழைக்கும் நடுவே இப்போது மண்ணே தெரியாது.

புதினாவும் படரும்தான், ஆனால் ஐப்பசி அடைமழையில் அழுகிவிடும். வல்லாரை ஈரம் தாங்கும். சுள்ளென்ற வெயிலில் இலை சிறுத்துத் தடித்துப்போகும். கீற்றின் இடுக்கு வழியே வெயில் விழும் இடத்தில் காம்பு நீண்டு, இலை அகலமாக வரும்.

நடுவதற்கு ஆடி மாதம் தோது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்துவிட்டால் ஆடியில் வாய்க்காலில் ஓடும். அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். அதற்கு முன்னால் மண்ணைக் கொத்தி, கோரைக்கிழங்கை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். இதில் அவசரமே கூடாது. தங்கிய கிழங்கு கொடிக்குள் புகுந்து முளைக்கும். அதைப் பிடுங்கினால் வல்லாரையும் சேர்ந்து வந்துவிடும். மக்கிய எரு கொஞ்சம் தூவினால் போதும்.

கொடியைத் தூக்கிப் பாருங்கள். கணுவுக்குக் கணு மேலே இலைக்கொத்து, அடியில் நூல் நூலாக வெள்ளை வேர். இரண்டு மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, ஒரு சாண் இடைவெளியில் கிடத்தி, வேர்ப்பக்கத்தை மட்டும் மண்ணில் அழுத்துங்கள். இலைக்கொத்து புதையக் கூடாது. தூக்கிக்கொண்டு நிற்கிற கொடிக்குப் பச்சை ஈர்க்கு ஒன்றை மடக்கி, அதன் மேல் கவ்வினாற்போல் குத்திவிடுங்கள். ஈர்க்கு காய்வதற்குள் கணு வேர்விட்டிருக்கும்.

முதல் இரண்டு மாதம் களை எடுப்பதுதான் வேலை. கோழி கிளறாமல் முள் போடுங்கள். மழையில் தண்ணீர் தேங்கி நின்றால் இளங்கொடி அழுகும், ஓரமாக ஒரு வடிகால் வெட்டிவிடுங்கள். அப்புறம் கொடி தானே இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சாக்கடை ஓரத்தில் எவ்வளவு செழித்திருந்தாலும் அந்த இலையைத் தொடாதீர்கள். கழிவில் இருக்கும் ஈயம் போன்றவற்றை வல்லாரை உறிஞ்சிக்கொள்ளும். தென்னைக்கு உரமோ மருந்தோ வைத்திருந்தாலும் கொஞ்ச நாள் பறிக்க வேண்டாம்.

பறிக்கும்போது பிடுங்காமல் கத்தரியால் காம்போடு நறுக்குங்கள், நடுக்குருத்தை விட்டுவிடுங்கள். துவையலுக்கு, மண் போக மூன்று நான்கு தண்ணீரில் அலசி, உளுந்து, மிளகாய் வறுத்தபின் கடைசியில் இலையைப் போட்டு வதங்கியதும் இறக்கிவிடுங்கள். புளியும் தேங்காயும் சேர்த்து அரைத்தால் கசப்பு அடங்கிவிடும்.