ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் காரில் ஆயில் குறைகிறதா?

முதலில் எவ்வளவு குறைகிறது என்று அளந்துவிடுங்கள், அப்புறம் மெக்கானிக்கிடம் போகலாம். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, வண்டி சமதளத்தில் நிற்க, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் நிற்கும் இடத்தையும் ஓடோமீட்டர் எண்ணையும் குறித்துவைத்து, 1,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி பாருங்கள்.

அடுத்தது கசிவு. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவையுங்கள். சொட்டு விழுந்திருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட், ஆயில் சம்ப், கிராங்க் சீல் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அட்டை சுத்தமாக இருந்தால், ஆயில் இன்ஜினுக்குள் எரிகிறதா என்று பார்க்க சைலன்சர் புகையைக் கவனியுங்கள், இதுதான் முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வ் சீல் கெட்டிப்பட்டுப்போயிருக்கலாம், மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால், பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலேறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம். ஆனால் ரிங் என்று சொன்னவுடன் இன்ஜினைப் பிரிக்க விட்டுவிடாதீர்கள்! இன்ஜின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மறுபடி எரிய அனுப்பும் பிசிவி வால்வ் கெட்டிருந்தாலும் ஆயில் குறையும், அதை மாற்றுவது சின்னச் செலவு. அதுவும் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் சோதனை: அழுத்தம் குறைவாகக் காட்டும் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது.

அதுவரை, மேனுவல் அனுமதித்தால் 5டபிள்யூ-30 ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 10டபிள்யூ-40 ஊற்றலாம். டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் இருக்கட்டும். சிவப்பு ஆயில் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பெரும்பாலான கார்களில் அது ஆயில் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் விழுந்த பிறகுதான் எரிகிறது.