மறுபடியும் போக்கிமான் கார்டு ஆட வருகிறீர்களா? முதல் டெக்கைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

பள்ளிக் காலத்தில் போக்கிமான் கார்டு சேர்த்தவர்கள் பலர் இப்போது வேலைக்குப் போகிறார்கள். கையில் கொஞ்சம் காசும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் கொஞ்சம் நேரமும் கிடைத்ததும் பரணில் கிடந்த பெட்டியை இறக்குகிறார்கள். சென்னையில் நான் ஆடுகிற இடத்துக்கு இப்படித் திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இப்ப எந்த டெக் நல்லா இருக்கு, சொல்லுங்க, வாங்கிடறேன்."

கொஞ்சம் பொறுங்கள் என்பதுதான் என் பதில். டெக்கை, அதாவது ஆடுவதற்கு அடுக்கும் 60 கார்டுக் கட்டை, முதலில் ஆடிப் பாருங்கள், பிறகு வாங்குங்கள். ஆடிப் பார்க்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பெட்டியில் இருப்பதைப் பிரியுங்கள்

ஒவ்வொரு கார்டின் இடது கீழ் மூலையையும் பாருங்கள். சின்னக் கட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஸ்டாண்டர்டு என்ற ஆட்ட முறையில் எந்தக் கார்டு செல்லும் என்பதை அந்த எழுத்துதான் சொல்கிறது. கொஞ்ச காலத்துக்கு ஒருமுறை மிகப் பழைய எழுத்து வெளியேறும். 2025 ஏப்ரலில் எஃப் வெளியேறி ஜி, எச், ஐ மிஞ்சின. வரிசையில் அதற்கு அடுத்தது ஜி. நீங்கள் படிக்கும் நேரத்தில் எது நடப்பில் இருக்கிறது என்பதைப் போக்கிமானின் அதிகாரப்பூர்வ தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தே இல்லையென்றால் அது 2020-க்கு முந்தைய கார்டு. ஸ்டாண்டர்டில் அதைப் பெரும்பாலும் ஆட முடியாது. அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், படி 5-இல் அவற்றுக்கு வேலை இருக்கிறது. போக்கிமான் அடிக்கச் சக்தி தரும் சாதாரண பேசிக் எனர்ஜி கார்டுகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது. எவ்வளவு பழையதானாலும் பெரும்பாலும் செல்லும், தனியே எடுத்து வையுங்கள்.

பெட்டியில் போலிகளும் கலந்திருக்கும். ஃபேன்ஸி ஸ்டோரிலும் பிளாட்பாரத்திலும் வாங்கிய அந்தக் காலத்துக் கார்டுகளில், குறிப்பாகத் தங்க நிறத்தில் பளபளப்பவற்றில், பெரும்பாலானவை போலிதான். ஓரத்தை உற்றுப் பாருங்கள். அசல் கார்டில் இரண்டு வெள்ளை அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கருங்கோடு ஓடும். மொபைல் டார்ச்சை அடியில் பிடித்தால் போலியில் வெளிச்சம் தாராளமாக ஊடுருவும். சந்தேகம் இருந்தால் உறுதியாக அசல் என்று தெரிந்த ஓர் எனர்ஜி கார்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பின்பக்க நீலத்தின் அடர்த்தியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

படி 2: மாறிப்போன விதிகள்

அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. 60 கார்டு, ஒரே பெயரில் அதிகபட்சம் 4 (பேசிக் எனர்ஜிக்கு வரம்பில்லை), கையில் 7, பிரைஸ் (எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுக்கும் கார்டு) 6, பெஞ்சில் (பின்னால் காத்திருக்கும் போக்கிமான்) 5. மாறியவற்றில் இவை முக்கியம்.

முதலில் ஆடுபவர் தன் முதல் டர்னில், அதாவது தன் முதல் முறையில், அட்டாக் செய்ய முடியாது, சப்போர்ட்டர் கார்டும் போட முடியாது. சப்போர்ட்டர் என்பது டிரெய்னர் கார்டில் (போக்கிமானும் எனர்ஜியும் அல்லாத உதவிக் கார்டில்) ஒரு வகை, ஒரு டர்னுக்கு ஒன்றுதான். 1999-இல் புரொஃபசர் ஓக்கை ஒரே டர்னில் இரண்டு, மூன்று முறை போட்டுக் கையைக் கொட்டிக் கொட்டி ஏழு ஏழாக இழுத்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். அதே வேலையைச் செய்யும் புரொஃபசர்ஸ் ரிசர்ச் இப்போது சப்போர்ட்டர்.

இஎக்ஸ் என்று பெயர் முடியும் போக்கிமானை இழந்தால் எதிராளி 2 பிரைஸ் எடுப்பார். 2025 செப்டம்பரில் வந்த மெகா எவல்யூஷன் வரிசையின் மெகா இஎக்ஸ் என்றால் 3. ஃபேரி வகை 2020-இல் நீக்கப்பட்டது. ஏஸ் ஸ்பெக் என்று குறித்த கார்டு டெக்கில் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். மற்றதெல்லாம் ஆடும்போதே பிடிபடும்.

படி 3: ஆப்பில் கை பழகுங்கள்

போக்கிமான் டிசிஜி லைவ் ஆப்பை இறக்குங்கள். இலவசம்தான், தொடக்கத்திலேயே சில தயார் டெக்குகளையும் தருவார்கள். விதியை மீறி எதையும் செய்ய அது விடாது என்பதால் மறந்த விதிகள் தானாக ஞாபகத்துக்கு வரும். மெட்ரோவில் விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் போவதற்குள் ஓர் ஆட்டம் முடித்துவிடலாம்.

2024 அக்டோபரில் வந்த போக்கிமான் டிசிஜி பாக்கெட் ஆப்பை இதனுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் 20 கார்டு, ஒரே பெயரில் 2, எனர்ஜி கார்டே கிடையாது, 3 பாயின்ட் எடுத்தால் வெற்றி. நல்ல ஆட்டம்தான். ஆனால் மேசையில் உட்கார்ந்து ஆடப் போகிறவருக்கு அதில் கிடைக்கும் பயிற்சி போதாது.

படி 4: எந்த மாதிரி டெக்?

தயவுசெய்து இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். "இந்த மாதம் ஜெயித்த டெக்" என்று தேடி முதலில் வருவதை எடுப்பவர்கள்தான் சீக்கிரம் ஆட்டத்தை விடுகிறார்கள் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்த டெக்கை அமைத்தவர் அதை நூற்றுக்கணக்கான முறை ஆடியவர். அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வருவது நமக்குப் பத்து நிமிட யோசனை.

உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: ஆட்டம் ஆரம்பித்து இரண்டு மூன்று டர்னுக்குள் எனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?

சீக்கிரம் அடிக்கப் பிடிக்கும் என்றால் பேசிக் போக்கிமானை நம்பும் டெக். ரேஜிங் போல்ட் இஎக்ஸ் நல்ல உதாரணம். எதிலிருந்தும் பரிணமிக்க வேண்டியதில்லை, நேராக மேசைக்கு வரும். உங்கள் போக்கிமான்களிடம் இருக்கும் பேசிக் எனர்ஜியைக் கழற்றிப் போட்டால், ஒவ்வொன்றுக்கும் 70 டேமேஜ். நான்கு கழற்றினால் 280. எண்ணத் தெரிந்தால் ஆடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரேஜிங் போல்ட் எச் எழுத்துக் கார்டு. அதற்கு எனர்ஜியை மீட்டுத் தரும் புரொஃபசர் சாடாவின் சப்போர்ட்டர் ஜி எழுத்து. ஜி வெளியேறினால் டெக்கின் முதுகெலும்பே போய்விடும். ஆகவே எந்த டெக்கானாலும் முக்கியமான கார்டுகள் ஒவ்வொன்றின் எழுத்தையும் பாருங்கள், டெக்குக்குப் பெயர் தந்த போக்கிமானின் எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது.

மெதுவாக வளர்த்துப் பெரிதாக்கப் பிடிக்கும் என்றால் ஸ்டேஜ் 2 டெக், அதாவது இரண்டு முறை பரிணமிக்கும் போக்கிமானை நம்பும் டெக். சின்ன வயதில் கார்டைக் கார்டின் மேல் வைத்துப் பரிணமிக்கச் செய்த சந்தோஷத்துக்காகத் திரும்பி வருகிறவர்களுக்கு நான் சொல்வது டிராகாபல்ட் இஎக்ஸ். டிரீபி, டிராக்லோக், டிராகாபல்ட் என்று மூன்று படி. நடுவில் நிற்கும் டிராக்லோக் சும்மா நிற்பதில்லை. டர்னுக்கு ஒருமுறை டெக்கின் மேலே இருக்கும் இரண்டு கார்டைப் பார்த்து ஒன்றைக் கையில் எடுத்து, மற்றதை அடியில் வைக்கலாம். பெஞ்சில் இரண்டு டிராக்லோக் இருந்தால் இரண்டு முறை. சப்போர்ட்டரைச் செலவழிக்காமலே கை நிறைகிறது. 320 எச்.பி. (தாங்கக்கூடிய டேமேஜ்) கொண்ட டிராகாபல்ட் வந்துவிட்டால், ஒரு நெருப்பு எனர்ஜி, ஒரு சைக்கிக் எனர்ஜி போதும். எதிரில் நிற்பதற்கு 200 டேமேஜ், எதிராளியின் பெஞ்சில் விருப்பப்படி பிரித்து வைக்க ஆறு கவுன்ட்டர், அதாவது 60. ஒரே அடியில் முன்னால் நிற்பதையும் பின்னால் பதுங்கியிருக்கும் குட்டியையும் சேர்த்து வீழ்த்தும்போது வரும் மகிழ்ச்சி தனி. இந்த மூன்று கார்டும் எச் எழுத்து என்பதால் ஜி போனாலும் நிற்கும்.

மூன்றாவது வகை, ஒரே டர்னில் செய்ய வேண்டிய வேலையும் கணக்கும் அதிகம் உள்ள டெக்குகள். 2025 ஆகஸ்டில் அனாஹைமில் நடந்த உலகப் போட்டியில் வென்ற கார்டெவார் இஎக்ஸ் டெக் இப்படிப்பட்டது. குப்பையில் (கழித்துப் போட்ட கார்டுகளின் குவியலில்) கிடக்கும் சைக்கிக் எனர்ஜியை எடுத்து உங்கள் சைக்கிக் போக்கிமானுக்கு ஒட்டலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒட்டிய போக்கிமானுக்கே இரண்டு கவுன்ட்டர் டேமேஜ் விழும். எவ்வளவு ஒட்டுவது, எங்கே நிறுத்துவது என்ற கணக்கு ஒவ்வொரு டர்னிலும் வரும். அழகான டெக். திரும்பி வந்ததும் எடுக்க வேண்டிய டெக் அல்ல.

படி 5: ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள்

பிடித்த ஒரு டெக்கின் 60 கார்டுப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டுப் படங்களை ஏ4 பக்கத்துக்கு ஒன்பதாக அடுக்குங்கள், ஏழு பக்கத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு படமும் 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். கருப்பு வெள்ளையே போதும், எழுத்து படிக்க வந்தால் சரி.

கடையில் ஒன்று மட்டும் ஞாபகமாகச் சொல்லுங்கள்: "அண்ணா, ஃபிட் டு பேஜ் வேணாம், ஆக்சுவல் சைஸ்ல போடுங்க." சொல்லாவிட்டால் பக்கத்துக்கு ஏற்ப அளவு மாறி, கார்டு ஸ்லீவில் (கார்டைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில்) தொளதொளவென்று ஆடும். முதல் பக்கம் வந்ததும் ஓர் அசல் கார்டை மேலே வைத்துப் பார்த்துவிட்டு மீதியைப் போடச் சொல்லுங்கள்.

வெட்டிய தாளை ஸ்லீவில் தனியாகப் போட்டால் வளையும். இப்போதுதான் பழைய கார்டுகள் வேலைக்கு வருகின்றன. மூலையில் எழுத்தில்லாத சாதாரணக் கார்டு ஒன்றைப் பின்னால் வைத்து, தாளை முன்னால் செருகுங்கள். கலைக்கும்போது அசல் டெக் போலவே இருக்கும். பளபளக்கும் ஹோலோ கார்டுகளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், சிலவற்றுக்கு நல்ல மதிப்பு இருக்கலாம். இந்தத் தாள் டெக் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் மட்டும். போட்டிகளில் அனுமதி இல்லை, விற்பதற்கோ மாற்றிக்கொள்வதற்கோ கண்டிப்பாகக் கூடாது.

படி 6: தனியாகவும் ஆடுங்கள், எண்ணிப் பாருங்கள்

எதிராளி இல்லாமலே செய்யக்கூடிய பயிற்சி இது. டெக்கைக் கலைத்து ஏழு கார்டு எடுங்கள், ஆறு பிரைஸ் வையுங்கள். இரண்டு டர்ன் ஆடிப் பார்த்து, மேசையில் என்ன நின்றது என்று ஒரு வரி எழுதுங்கள். மறுபடி கலையுங்கள். ஒரு பக்கம் நிறையும்வரை செய்தால் டெக்கின் பலவீனம் உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

டிராகாபல்ட் டெக்கில் முதல் டர்னுக்குத் தேவை பெஞ்சில் இரண்டு டிரீபி. 70 எச்.பி.க்கு உட்பட்ட பேசிக் போக்கிமான் இரண்டை டெக்கிலிருந்து தேடி நேராகப் பெஞ்சில் வைக்கும் பாஃபின் கார்டு இதற்குத்தான். இரண்டாவது டர்னில் டிராக்லோக். ரேர் கேண்டி கையில் இருந்தால் நடுப்படியைத் தாண்டி நேராக டிராகாபல்ட். ஆனால் உங்கள் முதல் டர்னிலோ, அதே டர்னில் இறக்கிய போக்கிமான் மீதோ ரேர் கேண்டி போட முடியாது. உங்கள் குறிப்பில் "டிரீபி ஒன்றுதான்" என்று அடிக்கடி வந்தால் பாஃபினைக் கூட்ட வேண்டும். "டிராகாபல்ட் இருக்கு, எனர்ஜி இல்லை" என்று வந்தால் எனர்ஜி பக்கம் பாருங்கள்.

சில எண்கள் கையோடு இருக்கட்டும். ஒரு கார்டை நான்கு வைத்தால் முதல் ஏழில் அது வர ஏறத்தாழ 40 சதவீத வாய்ப்பு. அதனால்தான் முக்கியமானதை நான்கு வைத்து, அதைத் தேடித் தரும் கார்டுகளையும் வைக்கிறோம். ஒன்றே ஒன்று வைத்தால் அது பிரைஸில் மாட்ட 10 சதவீத வாய்ப்பு, பத்து ஆட்டத்தில் ஓர் ஆட்டத்துக்கு அது ஆரம்பத்தில் கையில் எட்டாது என்று வைத்துக்கொள்ளலாம். பேசிக் போக்கிமான் எட்டு மட்டும் இருந்தால் முதல் ஏழில் ஒன்றுகூட வராமல் போக 35 சதவீத வாய்ப்பு. பன்னிரண்டு என்றால் 19. ஒவ்வொரு முறை அப்படி மறுபடி கலைக்கும்போதும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுக்கலாம்.

பழைய பழக்கத்தில் எனர்ஜியை இருபதுக்கு மேல் அடுக்காதீர்கள். பல டெக்குகளுக்கு இப்போது பத்தை ஒட்டிய எண்ணிக்கையே போதும். பாதிக்கு மேல் டிரெய்னர் கார்டுகள்தான் இருக்கும். பார்க்கச் சப்பென்று இருந்தாலும் டெக் ஓடுவது அவற்றால்தான்.

ரம்மியில் ஜோக்கரை நம்பிக் கை சேர்ப்பது போல ஓர் அதிர்ஷ்டக் கார்டை நம்பி டெக்கை அமைக்க வேண்டாம். அந்தக் கார்டு வராத ஆட்டத்தில் என்ன செய்வீர்கள் என்பதற்கும் டெக்குக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும்.

படி 7: இப்போது வாங்குங்கள்

தாள் டெக்கை ஆடி ஆடி இன்னும் சலிக்கவில்லை என்றால், அதுதான் உங்கள் டெக். பூஸ்டர் பேக் பிரித்துத் தேடாதீர்கள். ஒரு பேக்கில் 10 கார்டு, உங்களுக்கு வேண்டியது அதில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தேவையானதை ஒற்றைக் கார்டாக வாங்குங்கள், அல்லது லீக் பேட்டில் டெக் என்று வரும் தயார் டெக்கில் உங்கள் பட்டியலோடு ஒத்துப்போவதை வாங்கி மீதியை நிரப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரிடமாவது வாங்கினால் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் மூன்றுக்கும் படம் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் முகம் சுளிக்க மாட்டார்.

அல்ட்ரா பால், பாஸஸ் ஆர்டர்ஸ், ரேர் கேண்டி போன்ற டிரெய்னர் கார்டுகளை முதலில் வாங்குங்கள். நாளைக்கு டெக்கை மாற்றினாலும் இவை கூடவே வரும். டெக்குக்குப் பெயர் தந்த இஎக்ஸ் கார்டைக் கடைசியாக வாங்கலாம்.

ஸ்லீவ் 66-க்கு 91 மில்லிமீட்டர் அளவில், எல்லாம் ஒரே பேக்கிலிருந்து. கிழிந்தால் மாற்ற நாலைந்து கூடுதலாக வைத்திருங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். பளபளக்கும் ஃபாயில் கார்டில் பின்னால் இருக்கும் தாள் ஈரத்தை உறிஞ்சி உப்பும், முன்னால் இருக்கும் ஃபாயில் உப்பாது, அதனால் கார்டு கிண்ணம் போல வளையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னலோரம் வைத்த டெக்கில் எது ஃபாயில் என்று பக்கவாட்டில் பார்த்தே சொல்லிவிடலாம். போட்டியில் இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல: கலைத்த டெக்கில் வளைந்த கார்டு அடையாளம் தெரிந்தால் நடுவர் அதைக் குறியிட்ட கார்டாகக் கருதலாம். டெக் பெட்டியில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள். ஒரே கார்டு ஃபாயிலிலும் சாதாரணத்திலும் கிடைத்தால் டெக்குக்குச் சாதாரணத்தையே வாங்குங்கள், ஃபாயில் ஆல்பத்தில் இருக்கட்டும்.