சிங்கப்பூர் போகும் முதலாளிக்கு மெய்க்காப்பாளர் வேண்டுமா?

நெல்லை, தூத்துக்குடியிலிருந்து வியாபாரப் பேச்சுக்குச் சிங்கப்பூர் போகிறவர் பின்னால் தடித்த ஆள் இரண்டு பேர் நடக்க வேண்டியதில்லை. அது நாலு பேர் கண்ணைத்தான் இழுக்கும். அந்தப் பணத்தை நம்பகமான டிரைவருக்குச் செலவழியுங்கள். விமான நிலையத்தில் அவர் பிடிக்கும் அட்டையில் கம்பெனிப் பெயரோ ஆள் பெயரோ வேண்டாம்; அதைப் படித்த எவரும் ‘நான்தான் டிரைவர்’ என்று முன்னால் வந்து நிற்கலாம். ‘பொருநை’ என்று முன்கூட்டியே பேசிவைத்த ஒரு சொல் போதும். வண்டி எண்ணும் டிரைவர் படமும் முந்தின நாளே வாட்ஸப்பில் வந்துவிட வேண்டும்.

அங்கே காலை வாருவது பெரும்பாலும் களவு இல்லை, மருந்துப் பை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டயாசிபாம் மாதிரி தூக்க மாத்திரைகளுக்கு அளவைப் பொறுத்து முன் அனுமதி வேண்டும். மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில் எடுத்துச் செல்லுங்கள். வேப் கருவி (மின் சிகரெட்) பையில் இருக்கவே கூடாது.

ஓட்டல் அறைப் பெட்டகத்தை ஊழியர்களாலும் திறக்க முடியும். ஒப்பந்தத் தாளும் லேப்டாப்பும் கையோடு இருக்கட்டும்.

போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. அல்வா டப்பாவை மட்டும் செக்-இன் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் மாட்டும்.