டெண்டர் வேலைக்கு சாஃப்ட்வேர் வாங்கண்டாம், இத மட்டும் செய்யுங்க

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஓடை, காம்பவுண்ட் சுவர், சிமெண்ட் ரோடுன்னு சின்ன சின்ன கவர்மெண்ட் வேலை எடுக்குறவங்க நிறைய பேரு "எந்த சாஃப்ட்வேர் வாங்கணும் அண்ணாச்சி"ன்னு கேக்காங்க. ஒண்ணும் வாங்கண்டாம். ஒரு லேப்டாப்பு, போனு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (லேப்டாப்புல சொருகுற பென்டிரைவ் மாதிரி ஒண்ணு), அம்புட்டுதான்.

டோக்கன் கிளாஸ் 3 தான் வேணும், கிளாஸ் 2 குடுக்குறத 2021லயே நிறுத்தியாச்சு. அது காலாவதி ஆகுற தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே போன்ல ரிமைண்டர் போட்டு வைங்க. பின் நம்பர தப்பு தப்பா அடிச்சா டோக்கன் லாக் ஆயிரும், அன்னைக்குனு பாத்துதான் டெண்டர் கடைசி நாளா இருக்கும்.

டெண்டர் போடுற கவர்மெண்ட் போர்ட்டல்ல ஜிஎஸ்டி, பான் மாதிரி எப்பவும் கேக்குற பேப்பர எல்லாம் மை ஸ்பேஸ்ங்குற பகுதில முன்னாடியே ஏத்தி வச்சிருங்க. ரேட் போடுற பிஓகியூ (வேலை, அளவு பட்டியல்) எக்செல் ஃபைல்ல தெறந்து விட்டுருக்க கட்டத்துல மட்டும் எழுதணும், ஃபைல் பேர மாத்தப்படாது, ஃபார்மட்ல கைய வச்சா பிட்ட (நாம போடுற டெண்டர) தள்ளிருவாங்க. எல்லாம் ஏத்தியாச்சுன்னு எந்திரிச்சு டீ குடிக்கப் போயிராதீங்க, ஃப்ரீஸ் பிட் சப்மிஷன் அமுக்கி பிட் ஐடியோட அக்னாலெட்ஜ்மெண்ட் கைக்கு வந்தாதான் டெண்டர் போட்டதா கணக்கு. நான் ஒருக்கா அத அமுக்காம வீட்டுக்கு வந்துட்டேன், வேலை போச்சு. டைமும் நம்ம வாட்ச்ல பாக்கப்படாது, போர்ட்டல்ல ஓடுற சர்வர் டைம்தான் டைம். மழைல கரண்ட்டு போகும் நெட்டு போகும், அதனால கடைசி தேதிக்கு மொத நாளே போட்டுருங்க, தேதி முடியிற வரைக்கும் திருத்தித் திரும்பப் போடலாம். காரிஜெண்டம் (டெண்டர்ல திருத்த அறிவிப்பு) ஏதும் வந்திருக்கான்னு தெனமும் ஒரு எட்டு பாத்துக்கோங்க.

வேலை கெடச்ச பெறகுதான் நெசமான வேலையே. மண்ணுக்கடில மறையுற எல்லாத்தையும் (அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுன ஆழம், அடில போடுற பிசிசி கான்கிரீட், கம்பி கட்டுனது) மூடுறதுக்கு முன்னாடி ஜிபிஎஸ் கேமரா ஆப்ல தேதியும் எடமும் தெரியுற மாதிரி, டேப்ப வச்சுப் புடிச்சு போட்டோ எடுங்க. எம்-புக்ல (ஆபீசுல வேலை அளவு எழுதுற புக்கு) அளவு ஏத்தையில சண்டை வந்தா காட்டுறதுக்கு அது ஒண்ணுதான் உண்டு. வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சா போதும்னு இருக்காதீங்க, ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர்னு டிரைவ்ல போட்ருங்க.

நம்ம ஊருக்கு ரெண்டு மழை, ஜூன்லயும் ஐப்பசி கார்த்திகைலயும். மழையால வேலை நின்னா அன்னைக்கே சைட் போட்டோவோட ஆபீசுக்கு மெயில் போடுங்க, நாலு மாசம் கழிச்சு டைம் நீட்டிக்கக் கேக்கையில வாய்ச்சொல்ல யாரு கேப்பா.

கூகுள் ஷீட்ல அக்ரிமெண்ட் நம்பர், முடிக்க வேண்டிய தேதி, டெபாசிட் திரும்பி வர்ற தேதி, பில் நெலம, இந்த நாலு தலைப்பு போதும். கடைசியா ஒண்ணு, ரெண்டரை லட்சத்துக்கு மேல உள்ள கான்ட்ராக்ட் பில்லுல ஜிஎஸ்டி டிடிஎஸ்னு (பணம் குடுக்கையிலயே புடிக்குற வரி) 2% புடிப்பாங்கல்லா, அது தானா நம்ம கணக்குக்கு வராது, ஜிஎஸ்டி போர்ட்டல்ல போயி டிடிஎஸ் கிரெடிட்ட அக்செப்ட் குடுத்து ஃபைல் பண்ணாதான் கேஷ் லெட்ஜர்ல (ஜிஎஸ்டி போர்ட்டல்ல உள்ள நம்ம பணக் கணக்கு) ஏறும். என் பணம் எட்டு மாசம் அங்கேயே சும்மா கெடந்துச்சு, ஆடிட்டர் சொன்ன பெறகுதான் எனக்கே தெரிஞ்சுது.