“இந்த நாளில் ஒன்றும் ஆகாது” என்ற கணக்கு

“இப்போதுதான் விலக்கு முடிந்தது, ஒன்றும் ஆகாது” என்ற தைரியத்தில் பிறந்த பிள்ளைகள் நம் ஊரில் கொஞ்சநஞ்சமல்ல. கணக்கு எங்கே தப்புகிறது? வெளிவந்த கருமுட்டை அதிகபட்சம் ஒரு நாள்தான் தாங்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடிருக்கும். ஆக, முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும் கரு தரிக்கக்கூடியவை.

சரி, முட்டை எப்போது வரும்? விலக்கு தொடங்கியதிலிருந்து 14ஆம் நாள் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். உண்மையில் அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு வருகிறது. 28 நாள் சுழற்சிக்கு இரண்டும் ஒன்றுதான். 24 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவருக்கு 10ஆம் நாளே வந்துவிடலாம். அப்படியானால், ரத்தப்போக்கு நின்ற கையோடு 6ஆம் நாள் சேர்ந்தாலும் கரு நிற்கும். அடுத்த விலக்குத் தேதி முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

பால் கொடுக்கும்வரை கரு நிற்காது என்பதும் பாதி உண்மைதான். பிரசவமாகி 6 மாதத்துக்குள், விலக்கு திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால்தான் அது பலிக்கும். புட்டிப்பால் தொடங்கினால் அந்தக் காவல் போயிற்று.

அரசு மருத்துவமனையில் தரும் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரை. கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. அவற்றில் ஒன்றை மறந்தால் குடி முழுகாது. அடுத்த அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதுதான் ஆபத்து. ஆனால் பலரும் அசட்டையாக இருப்பது அங்கேதான். டிபி-க்கான ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அது கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும்.

உறவுக்குப் பிறகு போடும் அவசரக் கருத்தடை மாத்திரை முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுமே தவிர, கருவைக் கலைக்காது. 72 மணி நேரம் இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் போட்டால்தான் பலன். முட்டை ஏற்கெனவே வந்துவிட்டால் அதனால் பயனில்லை. 5 நாளுக்குள், கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டுக்கொள்வது அதைவிட உறுதியான வழி.

ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் நைந்துவிடும்.

அப்புறம், ஆண்களின் கருத்தடை ஆபரேஷன். விந்துக் குழாயை அடைத்தாலும் அதற்கு அப்பால் தங்கிய விந்தணுக்கள் தீர 3 மாதம் ஆகும். விந்துப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வரும்வரை ஆணுறை வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, மனைவி கர்ப்பமானதும் அவளைச் சந்தேகப்படுபவர்களை என்ன சொல்வது?