தோட்டம் கைமாறும் நேரத்தில் மனதைப் பிடித்து நிறுத்த

தோட்டத்தை விற்கப் போகிறார்கள், லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டை, காலி செய்யச் சொல்வார்களா மாட்டார்களா தெரியவில்லை என்கிற நிலையில் 'நிம்மதியாக இரு' என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வரும். சரி, லிகித ஜபத்தில், அதாவது மந்திரத்தை எழுதி ஜபிப்பதில், தொடங்குங்கள். மலாயாவில் தோட்ட மருத்துவமனை டாக்டராக இருந்து, 1923-இல் வேலையை விட்டுக் கிளம்பி, அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் சந்நியாசம் ஏற்ற சுவாமி சிவானந்தர் வலியுறுத்திய பயிற்சி இது.

பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்புவதற்கு முன் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரு கோடு போட்ட நோட்டில் 'ஓம் நமசிவாய' என்றோ 'ஓம் சரவணபவ' என்றோ, உங்களுக்குப் பிடித்த ஒரே மந்திரத்தை, வாய் பேசாமல் அரை மணி நேரம் எழுதுங்கள். முடியாதவர்களுக்குப் பத்து நிமிடம் போதும். நடுவில் இபிஎப் சேமநிதிப் பணம், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று மனம் ஓடும், எழுத்து கோணும். அடித்துத் திருத்தாமல் அடுத்த வரிக்குப் போங்கள்.

அப்புறம் கடைசிப் பக்கத்தில் இன்றைக்குக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் குறித்துக்கொண்டு, தோட்ட ஆபீஸிலோ தொழிற்சங்கத்திலோ நேரில் போய்க் கேளுங்கள்.

பரிகாரம் என்று பணம் கேட்பவர்களிடம் போகவே வேண்டாம். தூக்கமே வராமல் நாட்கள் போனால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், ஜபம் அதற்குத் தடையில்லை.